தகுதிகாண் காலத்தில் ஒரு போர்ட்

குடாநாட்டு விவசாய நவீனமயமாக்கல் அதிகாரசபையில் ஒரு வேலையை ஒரே நாளில் செய்து முடிக்கக் கூடாது என்று எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை. அப்படி இதுவரை ஒருவரும் செய்ததில்லை, அவ்வளவுதான். சுபாஸ்கரன் அங்கே தொழில்நுட்ப உதவியாளனாகச் சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. ஊர்ச்சனம் டிஜிட்டல் கந்தோர் என்று கூப்பிடும் அந்தக் கட்டடத்தின் குணம் அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. பிடிபட்டிருந்தால் சண்டிலிப்பாய்ப் பஞ்சலிங்கத்துக்கு அப்படி ஒரு வாக்கைக் கொடுத்திருக்க மாட்டான்.

"ரெண்டு கிழமை தாங்கோ அண்ணை. குளிர் அறைக்கு ஒரு பெட்டி பூட்டித் தந்துபோடுவன்" என்று சொல்லியிருந்தான். அது ஆவணி மாதம்.

பஞ்சலிங்கம் சண்டிலிப்பாய் உருளைக்கிழங்குச் செய்கையாளர் சங்கத்தின் தலைவர். முந்திய வருடம் கப்பலில் வந்த விதைக்கிழங்கில் பாதி அழுகல் நோயோடு வந்திறங்கி, அந்தப் பாதியைக் கிடங்கு வெட்டித் தாட்டார்கள். அந்தக் கோபத்தில் சங்கத்தின் முப்பத்திரண்டு குடும்பங்களும் மாசியில் கிண்டிய கிழங்கில் நல்லதாகப் பொறுக்கி, விற்காமல், கார்த்திகையில் நடுவதற்கென்று ஊரில் இருந்த குளிர் அறையில் வைத்துவிட்டார்கள். வருடத்தில் ஒரு போகம்தான். விதை போனால் போகமும் போகும். குளிர் அறை அதிகாரசபைக்குச் சொந்தம். அனுமதி இல்லாமல் உள்ளே ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று ஒப்பந்தம் இருந்தது.

அறைக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். கறன்ற் போய் வந்தால் மோட்டார் தானாக எழும்பாது. ஒரு மனிதன் உள்ளே போய்ப் பச்சைச் சுவிச் ஒன்றைத் தட்ட வேண்டும். கறன்றோ காகம் வயரில் இருந்தாலும் போய்விடும். அதனால் பஞ்சலிங்கம் நாளுக்கு நாலு தரம் சைக்கிளில் போய்த் திறந்து பார்த்துவந்தார். அறுபத்திரண்டு வயது, சீனி வருத்தம், இடது காலில் ஆறாத புண். நாலு தரமும் போனார்.

அதிகாரசபை இதைக் கவனிக்காமல் இல்லை. சட்டைப் பொத்தான் அளவில் ஆறு வெப்பமானிகளை அறைக்குள் தொங்கவிட்டு, நாடா வெட்டி விழாவும் வைத்தது. வெப்பமானிகள் புளூரூத்தில் பேசும். அந்தக் குரல் பத்துப் பதினைந்து மீற்றருக்கு மேல் போகாது. ஆகவே உள்ளே சூடா குளிரா என்று அறிய விரும்புகிறவர் போனைப் பிடித்துக்கொண்டு அறை வாசலில் நிற்க வேண்டும். வாசலில் நிற்கிறவருக்குக் கதவைத் திறந்து பார்க்கத் தெரியாதா என்று விழாவில் ஒருவரும் கேட்கவில்லை. சிற்றுண்டிக்குக் கொடுத்த ரோல்ஸ் சூடாக இருந்தது.

தேவைப்பட்டது ஒரு கேட்வே. வெப்பமானிகள் புளூரூத்தில் சொல்வதைக் கேட்டு, ஒரு சிம் வழியாகத் தூரத்து போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் சின்னப் பெட்டி. அதை எந்த போர்ட்டை, அதாவது எந்த மின்சுற்றுப் பலகையை, வைத்துக் கட்டுவது என்பது மட்டும்தான் கேள்வி. கந்தோர்க் களஞ்சியத்தில் ஏதோ முடிந்துபோன திட்டத்தில் மிஞ்சிய மூன்று வகை போர்ட்டுகள் கிடந்தன. சுபாஸ்கரன் ஒரு முற்பகல் முழுக்க மூன்றையும் மேசையில் வைத்துச் சோதித்தான். பெரியது ஒரு குட்டிக் கொம்பியூட்டர். கறன்ற் போனால் பற்றறியை ஒரு மணித்தியாலத்தில் குடித்து முடித்துவிடும். இரண்டாவதில் புளூரூத் மட்டும்தான். சிம் பகுதியைத் தனியாக வயரால் இணைக்க வேண்டும், வயர் ஆடினால் செய்தி போகாது. மூன்றாவது பிஸ்கற் அளவு. புளூரூத், சிம், பற்றறி பூட்டும் இடம் எல்லாம் அதிலேயே இருந்தன. கறன்ற் இல்லாமலே இரண்டு நாள் தாக்குப்பிடிக்கும். 'மூன்றாவதே பொருத்தம்' என்று அரைப்பக்கம் எழுதிப் பணிப்பாளரின் மேசையில் வைத்தான்.

பணிப்பாளர் கதிரவேலு அந்த அரைப்பக்கத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தபடி அவனைக் கூப்பிட்டார்.

"தம்பி, இதென்ன? நீர் தெரிவு செய்துபோட்டீரோ?"

"ஓம் சேர். மூண்டையும் சோதிச்சுப் பாத்தனான்."

"சோதிச்சது சரி. தெரிவு செய்ய ஆர் உமக்கு அதிகாரம் தந்தது? நாளைக்கு உது பிழைச்சால் ஆற்றை பிழை? உம்மடை பிழை. ஒரு குழு தெரிவு செய்து பிழைச்சால் ஆற்றை பிழை? ஒருத்தற்றையும் இல்லை. அதுக்குத்தானே குழு எண்டு ஒண்டைக் கண்டுபிடிச்சவை."

"அந்த மனுசன் ஒவ்வொரு நாளும் நாலு தரம் சைக்கிள் ஓடுறார் சேர். கிழங்கு..."

"கிழங்கு அழுகினால் முப்பது குடும்பம்தான் பாதிக்கும். நடைமுறை அழுகினால் நாங்கள் எல்லாரும் பாதிக்கப்படுவம். விளங்குதே?"

இதை அவர் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. கோப்பு இலக்கம் சொல்வதுபோலச் சொன்னார்.

குழு புரட்டாதியில் கூடியது. பணிப்பாளர் தலைவர். நிர்வாக உத்தியோகத்தர் செல்வநாயகி செயலாளர். வெளிவாரி நிபுணராக ஆழ்வாப்பிள்ளை என்பவர் அழைக்கப்பட்டிருந்தார். எப்போதோ ரேடியோ திருத்தும் பாடநெறி ஒன்றுக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வுபெற்றவர். அந்தப் பாடநெறியில் படித்த ஒருவரையும் யாரும் கண்டதில்லை. வடை வந்தது. வடை முடிந்ததும் நிபுணர் தொண்டையைச் செருமினார்.

"புளூரூத் எண்டது ஒரு அலை. அலை கண்ட இடமெல்லாம் பரவும். பக்கத்து வளவிலை மாடு கட்டியிருந்தால் பால் குறையுமோ எண்டு பாக்கவேணும். நான் குறையும் எண்டு சொல்லேல்லை. குறையாது எண்டும் சொல்லமாட்டன். நிபுணர் எண்டவர் அப்பிடித்தான் கதைக்கவேணும்."

"அருமையான கருத்து" என்றார் பணிப்பாளர். செல்வநாயகி அதைக் குறித்துக்கொண்டார்.

"இன்னொண்டு," என்றார் ஆழ்வாப்பிள்ளை. "இண்டைக்குக் கிழங்கு. நாளைக்கு வெங்காயம். நாளையிண்டைக்குச் செய்மதி. இந்தச் சின்ன போர்ட் செய்மதியைத் தாங்குமோ?"

சண்டிலிப்பாயிலிருந்து வானத்துக்குச் செய்மதி விடுகிற எண்ணம் சங்கத்துக்கு இல்லை என்று சுபாஸ்கரன் பணிவாகச் சொன்னான். தூரநோக்கு இல்லாத பதில் என்று அது அறிக்கையில் பதியப்பட்டது.

உண்மையான சிக்கலைக் கிளப்பியது செல்வநாயகி. அவர் நல்ல மனுசி. சக ஊழியர் வீட்டுச் செத்தவீடு ஒன்றையும் தவறவிடாதவர். ஆனால் படிவம் இல்லாமல் அவரால் மூச்சும் விட முடியாது. பொருள் வாங்குவதற்குப் படிவம் இருந்தது. பழுதானதை ஏலம் விடுவதற்கு இருந்தது. தொலைந்துபோனதைத் தொலைந்ததென்று சொல்வதற்கு நாலு பிரதியில் இருந்தது. ஏற்கனவே கையில் உள்ள மூன்றில் ஒன்றைத் தெரிவு செய்வதற்கு மட்டும் இல்லை. அரை நாள் அலுமாரியைக் கிளறி, கடைசியில் அவர் ஒன்றைக் கண்டெடுத்துக்கொண்டு வந்தார். சிற்றூழியர் தெரிவுக்கான விண்ணப்பப் படிவம்.

"மிஸ், இது ஆக்களை வேலைக்கு எடுக்கிறதெல்லோ?" என்றான் சுபாஸ்கரன்.

"ஓம். பதவி என்ன? வெப்பநிலையைப் பாத்து அறிவிக்கிறது. அது வேலைதானே? வேலைக்கு மூண்டு பேரிலை ஒராளைத் தெரிவு செய்யிறம். படிவத்திலை கை கால் இருக்கவேணும் எண்டு எங்கையும் எழுதேல்லைத் தம்பி, நான் ரெண்டு தரம் வாசிச்சிட்டன்."

பணிப்பாளர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய முகம் மலர்ந்தது. இதுவரை எந்தத் திணைக்களமும் இப்படிச் செய்ததில்லை என்றார். அது மட்டும் உண்மை.

படிவம் ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் பிறப்புச் சான்று, வதிவிடச் சான்று, நெருங்கிய உறவினர் அல்லாத இருவரின் நற்சான்று ஆகியவற்றைக் கேட்டது. சுபாஸ்கரன் மூன்று போர்ட்டுகளையும் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு ஒரு மாதம் அலைந்தான். பிறப்புச் சான்றுக்கு உற்பத்தித் திகதி அச்சிட்ட மட்டை போதும் என்று பெரிய மனதோடு ஏற்றுக்கொண்டார்கள். வதிவிடத்துக்குக் கிராம அலுவலரான விதானையாரிடம் போனான். விதானையார் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். சிரிப்பார் என்று சுபாஸ்கரன் நினைத்தான். சிரித்திருந்தால் அவனும் சேர்ந்து சிரித்துவிட்டு வேலையை விட்டிருப்பான்.

"வாக்காளர் இடாப்பிலை பேர் இருக்கோ?"

"இல்லை ஐயா."

"அப்ப எத்தினை காலமா இஞ்சை இருக்கினம்?"

"களஞ்சியத்திலை ஒரு ஒண்டரை வருசம்."

விதானையார் பேனையைத் திறந்தார். மேற்படி மூவரும் தனது பிரிவில் பதினெட்டு மாதங்களாக வசித்துவருவதாகவும், ஊரில் எந்தக் குழப்படியிலும் ஈடுபட்டதாகத் தான் அறியவில்லை என்றும் எழுதி முத்திரை குத்தினார்.

இதற்கிடையில் பஞ்சலிங்கம் இரண்டு தரம் கந்தோருக்கு வந்தார். முதல் தரம் ஒரு பை கத்தரிக்காயோடு வந்தார். இரண்டாம் தரம் காலில் கட்டோடு வந்தார்.

"என்ன தம்பி, போர்ட் சரிவந்ததோ?"

"விதானையாற்றை துண்டு எடுத்தாச்சு அண்ணை. இனி நேர்முகப் பரீட்சைதான்."

"ஆருக்கு?"

சுபாஸ்கரன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து காட்டினான். பஞ்சலிங்கம் பெட்டியையும் அவனுடைய முகத்தையும் பார்த்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

நேர்முகப் பரீட்சை காலை எட்டரைக்கு என்று அழைப்புக் கடிதம் சொன்னபடியால் மூன்று போர்ட்டுகளும் விறாந்தைக் கதிரைகளில் எட்டரைக்கே வைக்கப்பட்டன. குழு பதினொன்றுக்கு வந்தது. ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோய் மேசையில் வைத்து, அதன் சார்பில் சுபாஸ்கரன் பதில் சொன்னான். நாட்டின் ஏற்றுமதிப் பயிர்கள் எவை என்று கேட்டார்கள். வேலை நிமித்தம் வெளிமாவட்டம் போகச் சம்மதமா என்று கேட்டார்கள். தோற்றத்துக்கு இருபது புள்ளி இருந்தது. பெரிய போர்ட்டில் மூன்று நிறத்தில் விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. ஆழ்வாப்பிள்ளை அதற்குப் பத்தொன்பது போட்டார். சின்ன போர்ட் ஒரு மூலையில் மங்கலாக ஒற்றை விளக்கோடு கிடந்தது.

"ஆளுமை காணாது" என்றார் பணிப்பாளர்.

"அதாலைதான் சேர் பற்றறி மிச்சம் பிடிக்கும்."

"நேர்முகத்திலை தர்க்கம் பண்ணக் கூடாது" என்று செல்வநாயகி மெதுவாகச் சொன்னார்.

சின்ன போர்ட்தான் கடைசியில் தெரிவானது. பெரியதன் உற்பத்தித் திகதியைப் பார்த்தபோது அது பதவிக்குரிய வயதெல்லையைத் தாண்டியிருந்தது என்பது தெரியவந்தது. இரண்டாவது போர்ட் இரண்டு துண்டாக இருந்தபடியால், ஒரு வெற்றிடத்துக்கு இரண்டு பேரை எடுக்க முடியாது என்று நிராகரிக்கப்பட்டது. மிஞ்சியதற்கு வேலை கிடைத்தது. சுபாஸ்கரன் ஆவணியில் அரைப்பக்கத்தில் எழுதியதுதான் ஐப்பசியில் அறுபத்தொரு பக்கத்தில் வந்து சேர்ந்தது. அப்படியிருந்தும் அவனுக்குப் பெரிய சந்தோஷம். எந்த வழியால் வந்தால் என்ன, சரியான போர்ட் வந்துவிட்டதே என்று நினைத்தான். அப்படித்தான் அந்தக் கட்டடம் ஆட்களைப் பழக்கி எடுக்கிறது.

நியமனக் கடிதம் இரண்டு பக்கம். பதவிப் பெயர், வெப்பநிலை அவதானிப்பு உதவியாளர். தகுதிகாண் காலம் மூன்று வருடம். கடமை நேரம் காலை எட்டரை முதல் பிற்பகல் நாலேகால் வரை. கடமை நேரத்துக்கு வெளியே வேலை வாங்கினால் மேலதிக நேரப் பிரச்சினை வரும் என்பதால், நாலேகாலுக்கு போர்ட்டை நிறுத்தி எட்டரைக்கு எழுப்பும் மணிக்கூட்டுச் சுவிச் ஒன்று பூட்டப்பட்டது. சனி, ஞாயிறு, பௌர்ணமிப் போயா விடுமுறை. பற்றறியால் இரண்டு நாள் விழித்திருக்கக்கூடிய போர்ட்டைப் பிடரியில் தட்டி நித்திரையாக்கினார்கள்.

குறுஞ்செய்தியும் நேரே கமக்காரனுக்குப் போகக் கூடாது. எந்த உத்தியோகத்தரும் பொதுமக்களோடு தலைமையின் ஊடாகவே தொடர்புகொள்ள வேண்டும். ஆகவே போர்ட் கந்தோர் போனுக்கு அறிவிக்கும். அதைச் செல்வநாயகி கடிதமாக்குவார். பணிப்பாளர் பார்த்து ஒப்புதல் தந்த பிறகு தபாலில் போகும். ஒவ்வொரு காலையும் 'எல்லாம் சுகம்' என்று ஒரு செய்தி அனுப்பும்படி சுபாஸ்கரன் போர்ட்டை அமைத்திருந்தான், ஏதாவது பிழையென்றால் அந்த மௌனத்திலிருந்து தெரியட்டும் என்று. பணிப்பாளர் அதை நிறுத்தச் சொன்னார்.

"தம்பி, சுகமா இருக்கிறதை அறிவிக்கிறதுக்கு ஒரு உத்தியோகத்தர் தேவையே? நான் இருபத்தாறு வருச சேவையிலை ஒருநாளும் அப்பிடி அறிவிச்சதில்லை."

போர்ட்டுக்குக் கை இல்லாதபடியால் வரவுப் பதிவேட்டில் அதற்காகச் சுபாஸ்கரன் கையெழுத்து வைத்தான். ஒருநாள் காலை கறன்ற் இல்லாமல் மணிக்கூட்டுச் சுவிச் பிந்தி எழும்ப, போர்ட்டின் பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு விழுந்தது. அவன் அதற்கும் விளக்கம் எழுதிக் கையெழுத்து வைத்தான். முதல் வாரத்தில் வீட்டுக்குப் போய் மனைவி பிரசாந்திக்குச் சொல்லிச் சிரித்தான். மூன்றாம் வாரத்தில் சிரிக்கவில்லை. கையெழுத்துப் பழகிவிட்டது.

பிறகு பஞ்சலிங்கத்திடமிருந்து அறைத் திறப்பைத் திருப்பி வாங்கும்படி உத்தரவு வந்தது. ஒரு பதவிக்கு ஒருவர்தான் இருக்கலாம். அவதானிப்பதற்கு உத்தியோகத்தர் நியமிக்கப்பட்ட பின் வெளியாள் ஒருவர் திறப்பு வைத்திருப்பது முறையல்ல. சுபாஸ்கரன்தான் வாங்கப் போனான். பஞ்சலிங்கம் இடுப்புக் கயிற்றிலிருந்து திறப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"உது இல்லாமல் நான் என்னெண்டு தம்பி பாக்கிறது?"

"நீங்கள் இனிப் பாக்கத் தேவையில்லை அண்ணை. உங்கடை காலை ஆத்துங்கோ. நாலேகாலுக்கு நிண்டாலும் காலமை எட்டரைக்கு அது சொல்லிப்போடும். ஒரு இரவிலை கிழங்குக்கு ஒண்டும் ஆகாது. கடிதம் வரும்வரைக்கும் பாத்துக்கொண்டிருக்காமல் நானே ஓடிவந்து சுவிச்சைத் தட்டுவன்."

"நீர் சொல்லுறீர் எண்டுதான் தாறன்."

சுபாஸ்கரன் சொன்னபடி செய்தான். ஐப்பசியில் மூன்று தரம் போர்ட் கந்தோர் போனுக்கு அறிவித்தது. மூன்று தரமும் அவன் யாருக்கும் சொல்லாமல், செல்வநாயகியின் மேசைக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய திறப்பை எடுத்துக்கொண்டு மோட்டார்சைக்கிளில் பறந்துபோய்ச் சுவிச்சைத் தட்டிவிட்டு வந்தான். அந்த அறை நடந்ததே இந்தக் களவினால்தான். கடிதங்கள் இரண்டு மூன்று கிழமை பிந்தி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன.

கார்த்திகை வந்தது. சண்டிலிப்பாயில் நிலத்தைக் கொத்தி, எருப் போட்டு, வரம்பு கட்டி எல்லாம் தயார். அடுத்த வெள்ளி நடுகை. அதற்கு முந்திய வெள்ளி போயா. பிறகு சனி, ஞாயிறு. திங்கள் தொடங்கிப் புதன் வரைக்கும் சுபாஸ்கரனைக் கொழும்புக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சியின் தலைப்பு 'நேர முகாமைத்துவம்'. வியாழன் பின்னேரம் செல்வநாயகி ஒரு கட்டுக் கடதாசியோடு அவனுடைய மேசைக்கு வந்தார். பயணப் படிவம், தங்குமிடப் படிவம், பொறுப்பளிப்புப் படிவம்.

"இதிலையும் ஒண்டு வையும் தம்பி. இதிலையும்."

அவன் வைத்தான். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. அந்தக் கட்டுக்குள் நாலாவதாக இருந்தது போர்ட்டின் லீவு விண்ணப்பம். வரவுப் பதிவேட்டில் அதற்காகக் கையெழுத்து வைக்க மூன்று நாளும் ஆள் இல்லை. வராத நாளாகப் பதிந்தால் தகுதிகாண் காலத்தில் கரும்புள்ளியாகிவிடும். செல்வநாயகி அதற்குப் பாவம் பார்த்திருந்தார். திங்கள், செவ்வாய், புதன், சொந்த அலுவல். மணிக்கூட்டுச் சுவிச்சிலும் அந்த மூன்று நாளும் விடுமுறை என்று குறிக்கப்பட்டது.

வெள்ளி விடிய கறன்ற் போனது. அரை மணித்தியாலத்தில் வந்தது. மோட்டார் எழும்பவில்லை.

புதன் மத்தியானம் அறைப் பக்கமாகப் போன பஞ்சலிங்கத்துக்கு அழுகல் மணம் வந்தது. சைக்கிளை மதிலில் சாத்திவிட்டுக் கதவில் கையை வைத்துப் பார்த்தார். வெயிலில் கிடந்த தகரத்தைப்போல இருந்தது. கொழும்பில் சுபாஸ்கரனின் போன் அடித்தபோது விரிவுரையாளர் ஒருவர் முக்கியமானதை முதலில் செய்ய வேண்டும் என்று படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். சுபாஸ்கரன் வெளியே ஓடிவந்து பஞ்சலிங்கம் சொன்னதைக் கேட்டு, உடனே பணிப்பாளரைப் போனில் கூப்பிட்டான்.

"சேர், அறை சூடாப் போச்சு. உடனை ஆரிட்டையாவது திறப்பைக் குடுத்து விடுங்கோ."

"போர்ட் அறிவிச்சதோ?"

"அது... எனக்குத் தெரியேல்லை சேர். கந்தோர் போனைப் பாருங்கோ."

"பொறும், கேட்டுச் சொல்லுறன்." செல்வநாயகியின் குரல் தூரத்தில் ஏதோ சொன்னது. "அது லீவிலையாம். நீர்தானே கையெழுத்து வைச்சிருக்கிறீர்."

சுபாஸ்கரன் போனை மற்றக் காதுக்கு மாற்றினான்.

"சேர், மணக்குதாம்."

"தம்பி, ஒரு கமக்காரன் மணந்து பாத்துச் சொன்னதை வைச்சு அரச கட்டடத்தைத் திறந்தால், நாங்கள் ஒரு உத்தியோகத்தரை நியமிச்சதிலை என்ன அர்த்தம்? அறிவிக்கப்படாத வெப்பம் கந்தோரைப் பொறுத்தவரை வெப்பமில்லை. நாளைக்கு எட்டரைக்கு அது கடமைக்கு வரும். வந்து சொல்லட்டும். உடனை நடவடிக்கை எடுப்பம்."

பஞ்சலிங்கம் நாளை எட்டரை வரைக்கும் நிற்கவில்லை. அலவாங்கை எடுத்துவந்து பூட்டை உடைத்தார். உள்ளே தட்டுத் தட்டாக அடுக்கியிருந்த கிழங்கு வியர்த்து, கறுத்து, தொட்ட இடத்தில் விரல் புதைந்தது. ஒரு தட்டிலிருந்து மற்றத் தட்டுக்குத் தண்ணீராக வடிந்துகொண்டிருந்தது. சங்கத்துச் சனம் வந்து பெட்டி பெட்டியாக வெளியே எடுத்துக் கொட்டிக் கிண்டிப் பார்த்தது. முப்பத்திரண்டு குடும்பத்தின் விதையில் நடத் தேறியது ஒன்றரைப் பெட்டி. பெண்கள் நிலத்தில் இருந்துவிட்டார்கள். பஞ்சலிங்கம் மட்டும் உள்ளே போய்ப் பச்சைச் சுவிச்சைத் தட்டினார். மோட்டார் உடனே எழும்பி நன்றாக ஓடியது. ஓடிக் குளிர்விக்க இனி ஒன்றும் இல்லை என்று கண்டதும் அவரே அதை நிறுத்திவிட்டு வந்தார்.

வியாழன் எட்டரைக்கு போர்ட் கடமைக்குத் திரும்பியது. எட்டரை தாண்டி ஒரு நிமிடம் ஆகவில்லை, முப்பத்தொரு பாகை என்று அறிவித்தது.

விசாரணைக்கு ஒரு குழு அமைக்கப்பட்டது. அதே மூவர்தான். லீவு முறைப்படி விண்ணப்பிக்கப்பட்டு முறைப்படி அனுமதிக்கப்பட்டிருந்தது. கடமைக்குத் திரும்பிய முதல் நிமிடத்திலேயே உத்தியோகத்தர் தன் கடமையைச் செய்திருந்தார். ஆகவே யார் மீதும் தவறில்லை என்று குழு கண்டது. ஆழ்வாப்பிள்ளை தன் பங்குக்குக் கிழங்கின் ஒழுக்கத்தைப் பற்றி ஒரு பந்தி எழுதினார். அரச பூட்டை உடைத்ததற்கு மட்டும் பஞ்சலிங்கத்திடம் விளக்கம் கேட்கத் தீர்மானிக்கப்பட்டது. புதுப் பூட்டு அன்றைக்கே வாங்கி, அன்றைக்கே பூட்டப்பட்டு, திறப்பு அன்றைக்கே ஆணிக்கு வந்துசேர்ந்தது. அதிகாரசபையில் ஒரே நாளில் முடிந்த முதல் வேலை அதுதான்.

சுபாஸ்கரன் வேலையை விடவில்லை. விட வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது ஒவ்வொரு நாளும் நினைத்தான். வருடமுடிவு விழாவில் போர்ட்டுக்கு 'அர்ப்பணிப்புமிக்க சேவை'க்கான சான்றிதழ் கிடைத்தபோது, அதன் சார்பில் மேடையேறி வாங்கியதும் அவன்தான். பணிப்பாளர் கை குலுக்கினார், சனம் கை தட்டியது. அன்றைக்கு வீட்டில் அவன் சாப்பிடவில்லை. ஏன் என்று பிரசாந்தி கேட்கவுமில்லை.

அதற்கு அடுத்த கிழமை பஞ்சலிங்கம் விளக்கம் கொடுக்க வந்தார். கால் இன்னும் ஆறவில்லை. வரம்பு கட்டிய நிலம் அப்படியே புல்லேறிக் கிடப்பதாக ஊரில் சொன்னார்கள். அவர் சுபாஸ்கரனின் மேசைக்கு முன்னால் இருந்த கதிரையில் மெதுவாக இருந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு மண்ணிற உறையை எடுத்துப் பிரித்து வைத்தார்.

"நேற்றுத் தபாலிலை வந்தது தம்பி. 'தங்கள் குளிர் அறையின் வெப்பநிலை முப்பத்தொரு பாகையாக உயர்ந்துள்ளது. உடனடியாகச் சென்று பச்சைச் சுவிச்சைத் தட்டவும்.' பேத்தி வாசிச்சுக் காட்டினவள். கீழை ஒரு கையெழுத்துக் கிடக்கு. ஆற்றை எண்டு அவளுக்கு விளங்கேல்லை."

சுபாஸ்கரன் பார்த்தான். கடமை நிமித்தம், வெப்பநிலை அவதானிப்பு உதவியாளருக்காக. கீழே நீல மையில் தெளிவாக இருந்தது. எந்த நாள், எந்தக் கடதாசிக் கட்டுக்குள் வைத்தான் என்பதுகூட ஞாபகம் இல்லை.

"என்ரைதான் அண்ணை."

பஞ்சலிங்கம் தலையாட்டினார். அவர் ஏசியிருந்தால் சுபாஸ்கரனுக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

"அப்ப திறப்பைத் தாரும். போய்த் தட்டிப்போட்டு வாறன். அரசாங்கக் கடிதமெல்லோ."

திறப்பு செல்வநாயகியின் மேசைக்குப் பின்னால் அதே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவரும் மேசையில் இருந்தார். பணிப்பாளரின் அறைக் கதவும் திறந்திருந்தது. சுபாஸ்கரன் எழுந்தான். படிவம் எதையும் நிரப்பாமல், யாரிடமும் கேட்காமல், ஏழு அடி நடந்து போய்த் திறப்பை எடுத்துக்கொண்டு வந்து பஞ்சலிங்கத்தின் கையில் வைத்தான். செல்வநாயகி நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் எழுதத் தொடங்கினார். ஒருவரும் அவனைத் தடுக்கவில்லை.